தோட்டா இல்லாத துப்பாக்கி

துப்பாக்கியைக் கண்டு அஞ்சாத மனிதர் அரியர். ஆயினும் அந்த அச்சத்துக்கு உரியது நீண்ட இரும்புக் குழலா, அன்றி அதனுள் அடங்கிக் கிடக்கும் விரலளவு தோட்டாவா என்று நின்று யோசித்தவர் மிகச் சிலரே. அரசாங்கங்கள் மட்டும் இதை நன்றாக யோசித்திருக்கின்றன. துப்பாக்கியை எவன் கையிலும் கொடுத்து வைக்கலாம். தோட்டாவை எவன் செய்கிறான், எவன் பூட்டி வைக்கிறான், எவன் எண்ணிக் கொடுக்கிறான் என்பதிலேயே அதிகாரம் தங்கியிருக்கிறது என்பதை அவை அறிந்திருந்தன. இச்சிறு பொருளின் சரித்திரத்தை நம் மக்களின் சரித்திரத்தோடு சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

இவ்விஷயத்தில் நம் எண்ணம் செல்லக் காரணமாயிருந்தது ஒரு பழைய கணக்குப் புத்தகம். ஜொகூரில் நாம் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தில் பழைய ஆபீஸ் கட்டடத்தை இடிப்பதென்று முடிவாயிற்று. அங்கிருந்த அலமாரிகளைக் காலி செய்யும் பொறுப்பு நம்மிடம் வந்தது. கரையான் பாதி தின்ற செக்ரோல் புத்தகங்களுக்கு இடையில் தடித்த அட்டையிட்ட ஒரு பதிவேடு அகப்பட்டது. அது துரை பங்களாவில் இருந்த துப்பாக்கிகளின் கணக்கு. அதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே ரைபிளுக்கு உரியதாயிருந்தது; .32 அளவுள்ள, விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவைக் கொள்ளும் பழைய ரைபிள். தோட்டா இருப்பு முதலில் 200 என்றிருந்தது. பின்பு 120 ஆயிற்று, பின்பு 41, பின்பு 9, கடைசியில் சுழி. சுழி விழுந்த பின்னும் ஏழாண்டுக் காலம், ஆண்டு முடிவுதோறும், நமக்கு முன்னிருந்த யாரோ ஒரு கிராணி, “ரைபிள் 1, தோட்டா இல்லை, கடையில் கிடைப்பதில்லை” என்று தவறாமல் எழுதி வந்திருக்கிறார். முடிவில் ரைபிளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்ததாக ஒரு வரி. அவ்வளவே.

கணக்கெழுதும் தொழில் செய்பவனுக்குச் சுழி ஒரு சாதாரண எண் அன்று. சுட முடியாத துப்பாக்கியை ஏழாண்டு ஏன் வைத்திருந்தார்கள்? இரும்பும் மரமும் பழுதின்றி இருக்க, தோட்டா மட்டும் உலகத்தில் ஏன் கிடைக்காமற் போயிற்று?

தீபாவளிக்குத் துணி எடுக்கச் சிங்கப்பூர் சென்றபோது, சிராங்கூன் சாலைக்கு அருகே குடியிருக்கும் நம் பெரியப்பாவிடம் இதைச் சொன்னோம். அவர் ஆயுள் முழுதும் இரும்புச் சாமான் கடையில் உழைத்தவர். உடனிருந்த அவருடைய பேரன் தொழிற்கல்லூரியில் கடைசல் வேலை கற்பவன். அவன் ஆவலுடன், “இது என்ன பெரிய காரியம், சித்தப்பா? அளவு தெரிந்தால் பித்தளையைக் கடைந்து தோட்டாவே செய்துவிடலாமே!” என்றான். பெரியப்பா வெற்றிலைப் பெட்டியை மூடி வைத்தார். “தம்பி, வாயால்கூட அதைச் செய்யாதே. ஆறு தோட்டாவுக்கு ஓர் ஆளைத் தூக்கில் போட்ட தேசம் இது. உன் கொள்ளுத் தாத்தா அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்து இரண்டு நாள் சாப்பிடவில்லை” என்றார். பேரன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். நாமும் அன்று மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கேள்வி நம்மை விட்டு நீங்கவில்லை.

தோட்டாவின் அமைப்பு

பழங்காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டா என்பது ஒரு காகிதச் சுருளே. அதில் கருமருந்தும் ஈயக்குண்டும் இருக்கும். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துத் திறந்து, மருந்தைக் குழலின் வாய்வழியாகக் கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்து, பின்புறத்தில் கேப்பு வைத்துச் சுடுவான். மழை பெய்தால் மருந்து நனையும், காற்றடித்தால் சிதறும். மருந்து, குண்டு, பொறி ஆகிய மூன்றையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடக்கிவிட்டால் என்ன என்று ஐரோப்பியத் தொழிலாளர் யோசிக்கலாயினர். 1845-ம் ஆண்டையொட்டிப் பாரிஸ் நகரத்துப் புளோபெர் என்பவர், கேப்பையே சிறிது பெரிதாக்கி அதன் வாயில் ஒரு சிறு குண்டைப் பொருத்தினார். இது வீட்டுக் கூடத்தில் விளையாட்டாகச் சுடுவதற்கு ஏற்றதாயிருந்தது. 1857-ல் அமெரிக்காவில் ஸ்மித், வெஸ்ஸன் என்ற கூட்டாளிகள் அதையே நீட்டி, உள்ளே கருமருந்தும் இட்டு, .22 அளவுள்ள தோட்டாவாக்கிக் கைத்துப்பாக்கியுடன் விற்றனர்.

இதன் அமைப்பை நம் சகோதரர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மெல்லிய செம்பினால் ஒரு சிறு குப்பி. அதன் அடிப்புறம் சட்டியின் விளிம்புபோல வெளியே மடிந்திருக்கும். அந்த மடிப்பின் உட்புறத்தில், தட்டினால் தீப்பற்றும் மருந்தைப் பசையாகச் சுழற்றிப் பரப்பி விடுவார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பின் மேல் விழும், செம்பு நசுங்கும், நசுங்கிய இடத்தில் மருந்து பொறி விடும், அப்பொறி உள்ளேயுள்ள கருமருந்தைக் கொளுத்தும், குண்டு பறக்கும். விளிம்பில் வெடிப்பதால் இதற்கு விளிம்புவெடித் தோட்டா என்று பெயர்.

இதன் சிறப்பும் குறையும் ஒன்றே. ஊசி அடித்தவுடன் நசுங்க வேண்டுமாகையால் செம்பு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய செம்பு அதிக வேகத்தைத் தாங்காது; மருந்தைக் கூட்டினால் கூடே பிளந்துவிடும். மேலும் ஒருமுறை நசுங்கிய விளிம்பை மறுபடி நிமிர்த்தி மருந்திட முடியாது. ஒரு முறை வெடித்த கூடு குப்பைக்கே உரியது. பின்னர் வந்த நடுவெடித் தோட்டாவோ அவ்வாறன்று. அதன் அடியின் நடுவில் ஒரு சிறு குழி; அதில் தனியாக ஒரு கேப்பு. சுட்ட பின் பழைய கேப்பைத் தட்டியெடுத்துப் புதியதை வைத்து, மருந்தும் குண்டும் நிரப்பினால் கூடு மீண்டும் பயன்படும். கூட்டையும் தடிப்பாகச் செய்யலாம், வேகத்தையும் கூட்டலாம். ஆகவே 1870-க்குப் பின் உலகத்துச் சேனைகள் ஒவ்வொன்றாக நடுவெடிக்கு மாறின. பெரிய அளவுள்ள விளிம்புவெடித் தோட்டாக்களை வாங்குவோர் குறைந்தனர். வாங்குவோர் குறையவே தொழிற்சாலைகள் அவற்றை நிறுத்தின. 1860-ல் தோன்றிய ஹென்றி ரைபிளின் .44 தோட்டாவை 1930-களில் கைவிட்டார்கள். சுவிட்சர்லாந்து 1869-ல் தன் சேனைக்கு எடுத்துக்கொண்ட வெட்டெர்லி ரைபிளின் தோட்டா, அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போர்க்காலம்வரை உயிர் பிழைத்திருந்து பின்பு மறைந்தது. இன்று உலகெங்கும் தாராளமாய்ச் செய்யப்படும் விளிம்புவெடித் தோட்டா பழைய .22 இனமே. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் சுடுவதும் அதுதான். தாத்தா இன்னும் நடமாட, பேரர்கள் மாண்டுபோன குடும்பம் போன்றது இது.

மேல்நாடுகளில் பழைய ரைபிள்களைச் சேர்த்து வைப்போர் இன்று படும் பாட்டையும் சொல்ல வேண்டும். சிலர் ஏலங்களில் பழைய பெட்டிகளைத் தேடி வாங்குகின்றனர். ஒரு தோட்டாவின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டின் விலைக்கு மேலாகும். அதுவும் வெடிக்கும் என்ற நிச்சயம் இல்லை. சிலர் துப்பாக்கியின் ஊசியை நடுவுக்கு மாற்றி, வேறொரு நடுவெடிக் கூட்டைத் திருத்திப் பயன்படுத்துகின்றனர். சிலர் கடைந்தெடுத்த பித்தளைக் கூட்டின் ஓரத்தில் துளையிட்டு, அதில் .22 அளவுள்ள குண்டில்லாத வெற்றுத் தோட்டாவைச் செருகிப் பொறிக்கு வழி செய்கின்றனர். கருமருந்துக்கென்று வார்த்த பழைய குழலில் புதுக்கால மருந்தை இட்டால் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கும் அபாயமும் உண்டு. ஒரு தொழில் நின்றுபோனால், அதை மீட்டெடுப்பதற்கு எத்தனை கையும் கருவியும் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

பறித்த துப்பாக்கி பயன்படுமா?

துப்பாக்கியைப் பறித்துக்கொண்டால் வென்றுவிடலாம் என்று எண்ணியவர் பலர். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க நின்ற தென்னாட்டார், வடநாட்டாரின் ஸ்பென்சர் ரைபிள்களைப் போர்க்களத்தில் கைப்பற்றினர். ஒரு முறை நிரப்பி ஏழு முறை சுடத்தக்க அருமையான ஆயுதம் அது. ஆனால் அதற்கு வேண்டிய செம்புக் கூட்டுத் தோட்டாவைச் செய்யத் தென்னாட்டாரிடம் யந்திரமும் இல்லை, செம்பும் போதவில்லை. உடன் பறித்த தோட்டா தீர்ந்ததும் அந்த ரைபிள் வெறும் தடியாயிற்று. பருத்தி விளைவிக்க அடிமைகளை வைத்திருந்தவர்கள் தொழிற்சாலைகளை வைத்திருக்கவில்லை. அதன் பலனை அவர்கள் அநுபவித்தனர்.

1876 ஜூன் 25-ந் தேதி லிட்டில் பிக்ஹார்ன் நதிக்கரையில், அமெரிக்காவின் பூர்வ குடிகளான லக்கோட்டா, செயென் மக்கள் கஸ்டர் என்ற படைத்தலைவனையும் அவனுடன் இருந்த படையையும் முற்றும் அழித்தனர். 1983-ல் புல்வெளியில் தீப்பற்றி நிலம் வெளிப்பட்டபோது ஆராய்ச்சியாளர் அங்கே தோண்டிப் பார்த்தனர். ஹென்றி ரைபிளின் விளிம்புவெடிக் கூடுகள் பல அகப்பட்டன. அரசாங்கப் படைவீரர் கையில் இருந்தது ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டிய ஒற்றைத் துப்பாக்கி. பூர்வ குடிகள் சிலர் கையில் இருந்ததோ அடுக்கடுக்காய்ச் சுடும் ரைபிள். அன்றைய வெற்றி அவர்களுடையதே. ஆனால் அந்தத் தோட்டாக்களை அவர்கள் செய்தவர் அல்லர்; வெள்ளை வியாபாரியிடமிருந்து பெற்றவர். வியாபாரி கதவைச் சாத்தினால் ரைபிள் ஊமையாகும். ஒரு நாள் வென்றவர்கள் ஓராண்டுக்குள் பெரும்பாலும் அடக்கப்பட்டனர்.

ஒரு தலைமுறை பின்னால்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1857-ல் வட இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணமாய் நின்றது என்பீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவே. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவியது என்ற பேச்சு பரவிற்று. நிலம் பறிபோனதும், சம்பளக் குறையும், அவமானமும் ஆகிய காரணங்கள் ஆழத்தில் எத்தனையோ இருந்தன. ஆயினும் பொறி விழுந்தது தோட்டாவின் மேல்தான். கிளர்ச்சிக்காரர் டில்லியைப் பிடித்த மே 11-ந் தேதியன்றே, அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் சிலர் ஆயுதக் கிடங்கின் மருந்தறைக்குத் தீ வைத்து வெடிக்கச் செய்தனர். பிறகு கிளர்ச்சிக்காரர் தாமே மருந்து செய்ய முற்பட்டனர். ஆகஸ்டு 7-ந் தேதி அந்த மருந்துச் சாலையும் வெடித்து, வேலை செய்தோர் பலர் மாண்டனர். டில்லி விழுந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் தோட்டாக் கிடங்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இரு தரப்பாரும் உணர்ந்திருந்தனர்.

ஆங்கிலேயர் அப்பாடத்தை மறக்கவில்லை. போர் அடங்கியதும் இந்தியச் சிப்பாய்க்கு என்பீல்டு ரைபிளைப் போலவே தோன்றும், ஆனால் குழலின் உட்புறத்தில் வரி வெட்டாத துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வரி இல்லாத குழலில் குண்டு குறி தவறும், தூரமும் செல்லாது. வெளிப்பார்வைக்கு ஒன்று, உள்ளே மற்றொன்று! பின்னர் வெள்ளைச் சிப்பாய் ஸ்னைடரை விட்டு மார்ட்டினி-ஹென்றிக்கு மாறிய பிறகே இந்தியச் சிப்பாய்க்கு ஸ்னைடர் வந்தது. வெள்ளையன் லீ-மெட்போர்டுக்கு மாறிய பிறகே இந்தியனுக்கு மார்ட்டினி வந்தது. எப்போதும் ஒரு தலைமுறை பின்னால். பீரங்கிப் படையை, மலைப் பீரங்கிப் படைகள் சில தவிர, வெள்ளையரே வைத்துக்கொண்டனர். 1878-ல் லிட்டன் பிரபுவின் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இன்றி இந்தியன் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. வெளியே மாற்றானை எதிர்க்கப் போதுமான ஆயுதம், உள்ளே எசமானை எதிர்க்கப் போதாத ஆயுதம் என்பதே அக்கொள்கையின் சாரம்.

நாம் இதைக் கேட்டு வியக்க வேண்டுவதில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானே நடந்தது? துரை மகனுக்கு ஒரு படிப்பு, ஆங்கிலம் படித்த கிராணி மகனுக்கு ஒரு படிப்பு, லயத்துப் பிள்ளைக்கு மரத்தடியில் ஆறாம் வகுப்பு மட்டும் என்று வைத்திருந்த காலம் நம் பாட்டனார் கண்ட காலம்தான். பார்வைக்குப் பள்ளிக்கூடம், குழலின் உள்ளே வரி இல்லை. ஆங்கிலப் பள்ளியில் படித்து வந்த நாமும் அந்த அடுக்கின் நடுப்படியில் நின்றவர்களே என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

சிங்கப்பூரில் இரண்டு பிப்ரவரி பதினைந்து

சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாயின் கால் பட்டது நகரம் பிறந்த 1819-லேயே. ராபிள்ஸ் வந்தபோது உடன் வந்தது வங்காளச் சிப்பாய்ப் படை. பின்னர் நெடுங்காலம் சென்னைக் காலாட்படைகள் இங்கே காவல் இருந்தன. ஊட்ரம் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துக்கு இன்றும் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற பெயர் வழங்குவது அதனால்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எத்தனை பேர் அப்பெயரின் பொருளை நினைக்கின்றனரோ, அறியோம்.

1915 பிப்ரவரி 15-ந் தேதி, சீனப் புத்தாண்டு விடுமுறை. அலெக்சாண்டிரா முகாமில் இருந்த 5-வது இலகு காலாட்படை மறுநாள் ‘நைல்’ என்ற கப்பலில் ஹாங்காங்குக்குப் புறப்பட இருந்தது. அப்படையினர் எல்லோரும் வட இந்திய முஸ்லிம்கள். துருக்கி சுல்தானோடு போர் புரியவே தங்களைக் கொண்டுபோகிறார்கள் என்ற வதந்தி அவர்களிடையே பரவியிருந்தது. அதிகாரிகளிடையே ஒற்றுமையும் இல்லை. காலையில் தளபதி வந்து விடைகொடுத்துச் சென்றார். பிற்பகலில் படையின் தோட்டாப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில் ஒரு சிப்பாய் சுட்டான். உடனே கலகக்காரர் பாய்ந்து தோட்டாக்களைக் கைப்பற்றினர். கவனியுங்கள்: ரைபிள் அவர்கள் தோளில் எப்போதும் இருந்தது. அன்று அந்த நாழிகைவரை அவர்களிடம் இல்லாதிருந்தது வேண்டிய அளவு தோட்டா. வண்டி முகாமை விட்டுப் போயிருந்தால் கதை வேறாயிருக்கும்.

கலகம் சில நாட்களில் அடங்கிற்று. பிரெஞ்சு, ருஷ்ய, ஜப்பானியக் கப்பல்களிலிருந்து மாலுமிகள் இறங்கினர். ஜொகூர் சுல்தானின் படையும் உதவிற்று. கலகக்காரர் கையில் மாண்டவருள் போருக்குச் சம்பந்தமில்லாத சாதாரண மக்களும் உண்டு; அதை நாம் மறைத்துப் பேசலாகாது. இருநூறு பேருக்கு மேல் விசாரிக்கப்பட்டனர். 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஊட்ரம் சிறைச்சாலையின் மதிலுக்கு வெளியே, ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நின்று பார்க்கும்படி அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பின் சிங்கப்பூரில் வாழ்ந்த இந்தியர் யாவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று உத்தரவாயிற்று. வட இந்தியச் சிப்பாயின் கலகத்துக்கும் சிராங்கூன் சாலையில் மாடு வளர்த்த தமிழனுக்கும் என்ன சம்பந்தம்? தோல் நிறம் ஒன்றே சம்பந்தம்.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 15-ந் தேதி, மறுபடியும் சீனப் புத்தாண்டு நாளில், 1942-ல், புக்கிட் தீமா சாலையில் உள்ள போர்டு மோட்டார் தொழிற்சாலையில் பெர்சிவல் தளபதி ஜப்பானியரிடம் சரணடைந்தார். இரண்டு நாள் கழித்து, நம் சிராங்கூன் சாலையை ஒட்டிய பேரர் பார்க்குத் திடலில் இந்தியப் படைவீரர் ஏறத்தாழ 45,000 பேர் கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கிருந்து தொடங்குகிறது இந்திய தேசிய ராணுவத்தின் கதை. 1943 ஜூலையில் நேதாஜி தலைமை ஏற்றார். அக்டோபர் 21-ந் தேதி கெத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசாங்கத்தைப் பிரகடனம் செய்தார். மறுநாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறக்கப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர், பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டு ரைபிளை ஏந்தினர். லயத்தில் பிறந்த பெண்கள் காக்கி உடுத்து அணிவகுத்தனர்.

அவர்கள் ஏந்திய ரைபிள் எது? பெரும்பாலும் பிரிட்டிஷார் விட்டுச் சென்ற .303. அதன் தோட்டா? அதுவும் பிரிட்டிஷார் விட்டுச் சென்றதே. ஜப்பானிய வீரர்கள் விளையாட்டாக அதைச் சர்ச்சில் சப்ளை என்றார்கள். ஜப்பானியச் சேனையின் ரைபிள்களோ 6.5 மில்லிமீட்டர், 7.7 மில்லிமீட்டர் அளவுள்ளவை. இந்த 7.7-ன் குண்டு .303-க்கு ஏறக்குறைய ஒத்ததாயினும் கூடு வேறு. ஒன்றில் உள்ளது மற்றொன்றில் பொருந்தாது. ஜப்பானியக் கடற்படையார் தம் யந்திரத் துப்பாக்கிகளுக்கு மட்டும் .303-ஐப் போன்ற தோட்டாவைச் செய்தனர். ஆகவே நம்மவர் ஏந்திய துப்பாக்கிக்குப் பின்னால் தொழிற்சாலை ஒன்று நின்று உழைக்கவில்லை. கிடங்கில் உள்ளது தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1944-ல் இம்பால் மலைகளில் உணவும் மருந்தும் போக்குவரத்தும் அற்று, பெரிய பீரங்கியும் இன்றி, மழையில் பின்வாங்கியபோது அப்படை பட்ட துன்பம் யாவரும் அறிந்தது. வீரத்தில் குறைவில்லை. குறைந்தது பிறர் தயவில் அன்றி வராத பொருள். போர் முடிந்து திரும்பிய பிரிட்டிஷார், எஸ்பிளனேடில் எழுப்பியிருந்த அப்படையின் நினைவுச் சின்னத்தையும் 1945 செப்டம்பரில் இடித்தனர். 1995-ல் அவ்விடத்தில் ஒரு குறிப்புக்கல் நாட்டப்பட்டது. பாடாங்குப் பக்கம் செல்வோர் ஒரு நிமிஷம் நின்று வாசிக்கலாம்.

ஆறு தோட்டா

பெரியப்பா சொன்ன ஆறு தோட்டாவின் கதையை இனிச் சொல்லிவிடுவோம். எஸ். ஏ. கணபதி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். தோட்டத் தொழிலாளிக்குக் கூலி உயர்வும் மரியாதையும் கேட்ட குரல்களில் அவர் குரல் உரத்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதையொட்டி அவசரகாலம் பிரகடனமாயிற்று. சம்மேளனம் கலைக்கப்பட்டது. உத்தரவின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பதே மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1949-ல் ரவாங் பக்கத்தில் கணபதி பிடிபட்டார். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. அதைப் போலீசில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்தார் என்பது அவர் தரப்பு. அவர் அதைக்கொண்டு யாரையும் சுட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. இந்திய அரசாங்கம் தலையிட்டும் பயன் விளையவில்லை. 1949 மே 4-ந் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அவருடைய அரசியலை ஏற்போர் இருக்கலாம், மறுப்போரும் இருக்கலாம். வன்முறையால் தொழிலாளிக்கு விடிவு வரும் என்று நாம் நம்பவில்லை. அக்காலத்தில் குண்டடி பட்டு இறந்தவருள் ஏழைக் கூலிகளும் பலர். நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அதே காலத்தில் துரை பங்களாக்களில் துப்பாக்கிகளும் தோட்டாப் பெட்டிகளும் இருந்தன. அவற்றின் கணக்கை எழுதியவர் நம்மைப் போன்ற கிராணிமார். “இருநூறு, நூற்றிருபது, நாற்பத்தொன்று” என்று மை ஒற்றி, வரி கோடிட்டு எழுதினார்கள். அங்கே தோட்டா என்பது சர்க்கரையையும் மண்ணெண்ணெயையும் போல ஓர் இருப்புச் சாமான். தொழிற்சங்கத் தலைவன் மடியில் இருந்தபோதோ அதே பொருள் ஒன்றுக்கு ஒன்றாக எண்ணப்பட்டு, கயிறாகத் திரிக்கப்பட்டது. பொருள் மாறவில்லை, எண்ணுகிறவன் யார், எண்ணப்படுகிறவன் யார் என்பதே மாறிற்று.

இன்றைய சிங்கப்பூரில் ஆயுத விஷயத்தில் சட்டம் மிகக் கண்டிப்பானது. 1973-ம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட குற்றங்களைச் செய்யும்போது துப்பாக்கியைச் சுடுவதும், சுட முயல்வதுமே மரண தண்டனைக்குரியவை. துப்பாக்கி, வெடிமருந்து பற்றிய பழைய சட்டங்களை ஒன்றுபடுத்திப் புதிய சட்டமொன்று 2021-ல் நிறைவேறிற்று. மலேசியாவின் சட்டமும் இளைத்ததன்று. சிராங்கூன் சாலையில் நள்ளிரவில் ஒரு பெண் தனியாக நடந்து வீடு போய்ச் சேருகிறாள் என்றால் அதற்கு இக்கண்டிப்பும் ஒரு காரணம். இதைக் குறை கூற நமக்கு மனமில்லை. 1949-ல் இருந்த கண்டிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: இதை இயற்றியவர் இந்நாட்டு மக்கள் வாக்களித்து அனுப்பியவர், அதை இயற்றியவர் அவ்வாறு வந்தவர் அல்லர். ஆயுதத்தைப் பூட்டி வைக்கலாம். சாவி எல்லார்க்கும் பொதுவான பெட்டியில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை சிங்கப்பூர் சென்றபோது பெரியப்பாவின் பேரனுக்கு இவ்வளவும் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் அந்தத் துரை ரைபிளுக்குத் தோட்டா கிடைக்காமற் போனது நல்லதுதானே, சித்தப்பா?” என்றான். “அதற்கு நல்லதுதான். ஆனால் தம்பி, தோட்டா செய்யத் தெரியாததால் மட்டும் ஒருவன் நல்லவனாகி விடமாட்டான். செய்யத் தெரிந்தும் செய்யாமல் இருப்பதே நற்குணம். நீ கடைசல் வேலையை நன்றாகக் கற்றுக்கொள். நம்மவர்க்கு வேண்டிய தண்ணீர்ப் பம்பு, ஆலை யந்திரம், ஆஸ்பத்திரிக் கருவி எத்தனையோ உண்டு. அவற்றுக்கு உதிரிச் சாமான் கிடைக்கவில்லை என்று பிறர் வாசலில் நிற்கும் நிலை நமக்கு வரக்கூடாது” என்றோம். பெரியப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

அந்தப் பதிவேட்டை நாம் எறிந்துவிடவில்லை. தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்றுப் பத்திரப்படுத்தியிருக்கிறோம். ஏழாண்டு “தோட்டா இல்லை” என்று எழுதிய அந்தப் பெயர் தெரியாத கிராணியை நினைக்கும்போதெல்லாம் அவர் மேல் ஒரு மதிப்பு உண்டாகிறது. இருந்ததை இருந்தது என்றும், இல்லாததை இல்லை என்றும் எழுதி வைத்தார். நம் சரித்திரத்தையும் அவ்விதமே எழுதி வைப்போமாக. பெருமையை இருநூறு என்று கூட்டியும் எழுத வேண்டாம். துன்பத்தைச் சுழி என்று குறைத்தும் எழுத வேண்டாம்.